குறவை இருக்கும் வீடு

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திருப்பதியில் கிளம்பி, புத்தூர் வழியாகப் பிச்சாட்டூர் போய்த் திரும்புகிற வண்டி என்னுடையது. பிச்சாட்டூரில் வண்டி சற்று நேரம் நிற்கும். டிரைவர் அண்ணன் டீ குடித்துவிட்டு சீட்டிலேயே கால் நீட்டிப் படுத்துவிடுவார். எனக்கு நாளெல்லாம் கூட்டத்தில் நெருக்கி அடித்து நின்றதற்குக் கொஞ்சம் நடக்கத் தோன்றும். டேமிலிருந்து வழிகிற தண்ணீர் போகும் கால்வாய் ரோட்டை ஒட்டியே ஓடுகிறது. அந்தக் கரையில் போய் நிற்பேன்.

ஒரு கோடையில் அந்தக் கால்வாய் வற்றிக்கொண்டிருந்தது. பாலத்துக்குக் கீழே ஒரு குட்டை மட்டும் மிச்சம். அதற்குள் மீன்கள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. கரையில் காக்கைகள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேலை முழங்கால் வரைக்கும் சேறானது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்து, கைக்கு அகப்பட்ட சிலவற்றைப் போட்டுக்கொண்டேன். விரல் நீளக் கெண்டைகள், மணலில் புதைந்துகொள்ளும் அயிரை, அப்புறம் இரண்டு குறவை.

குறவை என்பது விரால் மீனின் சின்னத் தம்பி போல இருக்கும். தலை பாம்புத் தலை. சேற்று நிறம் என்றுதான் முதலில் நினைத்தேன். டப்பாவில் வெயில் விழுந்தபோது பார்த்தால் துடுப்பெல்லாம் நீலம், ஓரத்தில் இழுத்த மாதிரி ஓர் ஆரஞ்சுக் கோடு.

"இன்னாம்மா, கொழம்புக்கா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"வளக்கறதுக்குண்ணா."

"இத்தப் போயா? கடையில கலர் கலரா வச்சிக்கினு கீறானே."

"அது கடை மீனு. இது நம்ம கால்வாய் மீனு."

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். திருப்பதி வரைக்கும் டப்பாவை என் சீட்டுக்கு அடியில் வைத்து, மூடியைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது நான் குடியிருந்தது ஒரு மாமியின் வீட்டு மாடியில். மாமியின் கணவர் கோயில் கைங்கரியத்தில் இருந்து காலமானவர். மகன் வெளியூரில் வேலை. வீடு கேட்டுப் போன அன்றே மாமி நிபந்தனையைச் சொல்லிவிட்டார்: வீட்டில் கறி, மீன், முட்டை சமைக்கக் கூடாது. நான் ஒப்புக்கொண்டேன், வார்த்தை தவறவும் இல்லை. மீன் தின்ன ஆசையாக இருந்தால் புத்தூரில் ஓட்டலில் தின்றுவிட்டு வருவேன். ஆனால் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கக் கூடாது என்று மாமி சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

பழைய தொட்டி ஒன்று வாங்கினேன். அடியில் ஆற்று மணல், ஒரு மூலையில் உடைந்த மண்சட்டி, மேலே கால்வாயிலிருந்து பிடுங்கிவந்த பாசி. குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை போகட்டும் என்று வாளியில் பிடித்து வெயிலில் வைத்திருந்து ஊற்றுவேன். டிப்போ விளக்கடியில் விழுகிற பூச்சிகளும், வாழை அடியில் தோண்டினால் வருகிற மண்புழுவும்தான் குறவைக்கு உணவு. சில வாரங்களில் அவை என் விரலைப் பார்த்ததும் மேலே வர ஆரம்பித்தன. கடை மீன் எல்லாரையும் பார்த்து வாயைத் திறக்கும். குறவை அப்படியில்லை. முதலில் நின்று பார்க்கும். நம்மை எடைபோட்ட பிறகுதான் வரும்.

மாமி ஒருமுறை மேலே வந்தபோது பார்த்தார். "அழகு மீனாடிம்மா?" என்று கேட்டார்.

"ஊர் மீன் மாமி."

மாமி முகம் சுளித்தார். இறங்கிப் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை நான் டூட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது கீழே மாமியின் குரல் கேட்டது. அப்படிக் குரல் எழுப்புகிறவர் அல்ல அவர். ஓடினேன். முற்றத்தில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், ஈரத்தில் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது என் குறவை. மழைச் சத்தம் கேட்டதும் தொட்டியைத் தாண்டி, மாடிப்படி முழுக்க இறங்கி வந்திருக்கிறது. உடம்பில் ஈரம் இருந்தால் அது வெளிக்காற்றிலும் தாக்குப்பிடிக்கும். மாமி பாம்பு என்று நினைத்துவிட்டார். ஈரத் துண்டைப் போட்டு எடுத்தேன்.

"மீனா அது?" என்றார் மாமி. "எங்காத்துத் துளசிகிட்ட மீனா?"

"தாவிடுச்சி மாமி. இனிமே மூடி போட்டு வைக்கிறேன்."

"மூடி வேண்டாம். மீனே வேண்டாம்."

அன்று மாலை அவர் மகன் எனக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். மீனை அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போனை வைத்ததும் மாமியும் மேலே வந்து வாசலில் நின்றார். அவருக்குள்ளே கொஞ்சம் சங்கடம் இருந்தது போலத் தெரிந்தது.

"நான் மொத்தமா வேண்டாங்கலை. தங்க மீன் வாங்கி வச்சுக்கோயேன். பார்க்கவும் லட்சணமா இருக்கும். வாஸ்துக்கும் நல்லதுங்கறா."

"தங்க மீன் எந்த ஊரு மாமி? எங்கிருந்தோ கடல் தாண்டி வந்தது. அதுக்கு இங்க எடம் இருக்குது. பிச்சாட்டூர்ல பொறந்ததுக்கு இல்லையா?"

"ஊரைப் பத்திச் சொல்லலைடிம்மா. அது எல்லாரும் திங்கற மீன்."

"நான் துன்னலயே மாமி. வளக்கறேன்."

எனக்கு உள்ளே கொதித்தது. நான் நகரிக்காரி, தறி வீட்டுப் பெண். சென்னைக்குப் போனால் என்னை ஆந்திராக்காரி என்பார்கள். திருப்பதி டிப்போவில் கோபம் வந்தால் அரவம் என்பார்கள்; தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே வைத்த பெயர் அது. பிறந்த இடத்திலேயே நிற்கிறவளை எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் டிக்கெட் கிழித்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகியவள். அன்றைக்கு என் மீனுக்காகவும் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நகரிக்குப் போன் போட்டு நைனாவிடம் சொன்னேன்.

"மீனுக்காகவா வூட்ட வுடப்போற?" என்றார். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டது.

"புருசனையே வுட்டுட்டேன் நைனா. வூடு இன்னா?"

"சரி, சாப்டியா?" என்றார்.

அந்த வாரமே இன்னொரு தொல்லை. தாவாத குறவை, இரண்டில் பெரியது, சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. புழுவை மூக்குக்கு நேரே விட்டாலும் திரும்பிக்கொண்டது. தாடைக்குக் கீழே தொண்டை உப்பிப் போயிருந்தது. மண்சட்டிக்குள்ளேயே கிடந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு, மீன் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். மூடிக்குக் கண்ணாடியும் அங்கேதான் வெட்டித் தருவார்கள்.

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மட்டகிடசா காதா இதி?" என்றார், தெலுங்கில் குறவையின் பெயரைச் சொல்லி. "ரோகம் வச்சிந்தி மேடம். பாரேயண்டி." நோய் வந்துவிட்டது, தூக்கி எறியுங்கள் என்றார். மற்ற மீன்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், தொட்டியைக் கழுவிவிட்டு நல்ல மீனாக எடுத்துப் போங்கள் என்று, நெற்றி புடைத்த ஒரு சிவப்பு மீனைக் காட்டினார்.

"பாரேயனு," என்றேன். எறியமாட்டேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணாடியை வெட்டப் போனார்.

மறுநாள் டிரைவர் அண்ணனும் யோசனை சொன்னார். "அது சாவறதுக்கு முன்ன கால்வாய்லயே வுட்டுடும்மா. மாமிக்கும் சமாதானம், ஒனக்கும் நிம்மதி."

"செத்தா என் தொட்டியில சாவட்டும்ணா. ஆளாளுக்குச் சொல்றாங்கன்னு தூக்கிப் போடமாட்டேன்."

எனக்கு மீன் வைத்தியம் ஏதோ தெரிந்து இதைச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றும் தெரியாது. பிடிவாதம் மட்டும்தான். என்ன மருந்து என்று தெரியாததால் மருந்தும் போடவில்லை. தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். தினமும் வீட்டுக்கு வந்ததும், செத்து மிதக்கிறதா என்று உள்ளறைக் கதவைத் திறக்கும்போதே பார்ப்பேன். மிதக்காது. மண்சட்டிக்குள்ளிருந்து என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு குறவை சட்டி வாசலில் காவல் மாதிரி நிற்கும்.

வார லீவு நாள் மதியம். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பெரிய குறவை வெளியே வந்தது. வாயைக் கொஞ்சம் திறந்தது. கறுப்பாக, எள்ளைத் தண்ணீரில் கொட்டிய மாதிரி ஏதோ வாயிலிருந்து சிதறியது. தொண்டை அழுகிக் கொட்டுகிறது என்று நினைத்துக் கீரையைக் கீழே போட்டுவிட்டேன். அந்த எள் ஒவ்வொன்றும் நீந்தியது.

குட்டிகள். முட்டையெல்லாம் அதன் வாய்க்குள்ளேதான் இருந்திருக்கிறது. போனில் தேடிப் படித்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது: வாயில் வைத்துக் காப்பது ஆண் மீன். குட்டி வெளியே வரும் வரைக்கும் ஏறக்குறைய எதுவும் தின்பதில்லை. அவ்வளவு பட்டினியையும் நான் நோய் என்று பார்த்திருக்கிறேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் அத்தனை பேரையும் சேர்த்து எறிந்திருப்பேன். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கீரை அப்படியே கிடந்தது.

அன்று சாயங்காலமே மாமி மேலே வந்தார். வீடு பார்த்தாயா என்று கேட்கத்தான். அவர் நிழல் தொட்டி மேல் விழுந்ததும் குட்டிகள் எல்லாம் ஒரே ஓட்டமாகப் பெரிய மீனிடம் போயின. அது வாயைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஐயோ, தின்னுடுத்தே," என்றார் மாமி.

"துன்னல மாமி. ஒளிச்சி வச்சிக்குது. கொஞ்சம் ஆடாம நில்லுங்க."

மாமி நின்றார். கொஞ்ச நேரத்தில் மீன் வாயைத் திறந்தது. குட்டிகள் மறுபடியும் வெளியே வந்தன. மாமி மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மாவா?"

"அப்பா. இத்தன நாளா ஒண்ணுமே துன்னல. வாய்ல இதுங்கள வச்சிக்கினு கெடந்திருக்குது."

மாமி வெகுநேரம் பார்த்தார். "எங்காத்துக்காரர் பையனை ஒரு நாள் இடுப்பில வச்சுண்டதில்லை," என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "தை பொறக்கற வரைக்கும் இருந்துக்கோ. மழைக்காலத்துல எங்க போவே? பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் ஒத்துக்கமாட்டான்டிம்மா. மீனை விட்டுட்டேன்னா நீ எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு."

"அப்ப தையில காலி பண்ணிக்கிறேன் மாமி."

அவர் மனம் இளகியது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இளகின மனசு வேறு, என் பக்கம் நிற்பது வேறு. அன்பாகச் சொன்னார் என்பதற்காக நான் தலையாட்டியிருந்தால், அடுத்து எதை விடச் சொல்வார்களோ அதையும் விடவேண்டியிருக்கும். அந்த வீட்டில் இருந்தவரைக்கும் மாமி தினமும் மேலே வந்து குட்டிகளைப் பார்த்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் முடிவை மாற்றவும் இல்லை.

வீடு தேடினேன். இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நானே சொன்னேன்: தனியாக இருக்கிறேன், கண்டக்டர், மீன் வளர்க்கிறேன், கால்வாயில் பிடித்த மீன். சிலர் முதல் வார்த்தைக்கே கதவைச் சாத்தினார்கள். ஒருவர் மீன் வரைக்கும் கேட்டுவிட்டுச் சாத்தினார். கடைசியில் புத்தூரில், மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வெளிய தாவுமா?" என்றார்.

"தாவும்கா. கண்ணாடி மூடி போட்டிருக்கேன்."

"தண்ணி லீக்காயி சுவுரு ஊறாம பாத்துக்க. மத்தது ஒன் இஷ்டம்."

தை பிறந்ததும் சின்ன லாரி ஒன்றில் சாமானை ஏற்றினோம். டிரைவர் அண்ணன் லீவு போட்டு வந்திருந்தார். தொட்டித் தண்ணீரில் பாதியை டிரம்மில் பிடித்து, மீன்களை அதில் விட்டு, நான் பின்னால் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமி வாசல் வரைக்கும் வந்தார். "எல்லாம் பத்திரமா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன்.

மாமி வீட்டில் தொட்டியை வாசலில் நிற்கிறவர்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் வைத்திருந்தேன். புத்தூரில் முன்னறையில், வாசலுக்கு நேர் எதிரே வைத்தேன். மணலைக் கொட்டி, பாசியை மிதக்கவிட்டு, குறவைகளையும் குட்டிகளையும் இறக்கிவிட்டதும் பெரியவை இரண்டும் ஆளுக்கொரு மூலையில் பதுங்கின. நான் கிளம்பும் வரைக்கும் அவையும் வெளியே வந்து தெருவைப் பார்க்கட்டும் என்று கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, மதிய வண்டிக்குக் காக்கிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.