பாதி வார்த்தை சிஸ்டர்

“மருமக நல்லவதாம்மா. நீதான் வாயைக் கொஞ்சம் கொறச்...”

மணி அடித்துவிட்டது. சுவரில் பதித்த சுழல்பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் கரண்ட் போன ரேடியோ மாதிரி நின்றது. யோசனை கேட்க வந்த அம்மாள் நகரவில்லை, பழகியவர். ஜெபம் முடிந்து செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. “...சுக்கணும்,” என்றது குரல்.

அது அடைப்பு மடம். உள்ளே இருக்கும் கன்னியாஸ்திரீகள் உலகத்துக்காக வேண்டிக்கொள்வதையே முழுநேர வேலையாகக் கொண்டவர்கள். வெளியே வருவதில்லை, அவசியமில்லாமல் பேசுவதில்லை. உலகத்துக்கு என்ன குறை என்று யாராவது கேட்டுச் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் இந்த வாசல் சிஸ்டர். முகத்தை ஊர்க்காரர்கள் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. காணிக்கை முட்டைகளைப் பெட்டியில் வைத்து உள்பக்கம் சுழற்றினால், “ஒண்ணுல விரிசல் இருக்கு, உன் குரல் மாதிரியே. என்ன விஷயம்?” என்பார்.

மௌன சபையில் இவர் எப்படிச் சேர்ந்தார் என்பது இறையியல் வல்லுநர்கள் ஆராய வேண்டிய பொருள். “சத்தமில்லாம ஜெபிக்க வரும். சத்தமில்லாம இருக்கத்தான் வராது” என்பது அவரே தரும் விளக்கம்.

மணி அடித்தால் எழுதும் எழுத்தைக்கூட முடிக்காமல் எழ வேண்டும் என்பது மடத்து விதி. போன மாதம் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சில் மூழ்கி, சிஸ்டர் ஜெபத்துக்குப் பிந்திவிட்டார். மடத்துத் தலைவி மதர் தீர்ப்புச் சொன்னார்: இன்னொரு தடவை பிந்தினால் வாசல் கிடையாது, சலவை அறை, அங்கே வாயே திறக்கக் கூடாது. “நரகத்துல நெருப்பெல்லாம் இருக்காதுப்பா, ஈரத்துணிதான் இருக்கும்” என்று எங்களிடம் புலம்பினார். அன்றிலிருந்துதான் இந்தப் பாதி வார்த்தை.

நேற்று பால்காரர் கேனைப் பெட்டியில் வைத்தார். சுழற்றவில்லை.

“என்னண்ணே, பெட்டி நகரல?”

“வீட்டுக்காரிய ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க, சிஸ்டர். அங்க நிக்க முடியல. இங்க வந்துட்டேன்.”

“சரி. அவ எப்படிப்பட்டவ, சொல்லுங்க. ஆண்டவர்கிட்ட வெவரமாச் சொல்லணும்ல.”

“சண்டைக்காரி, சிஸ்டர்...” கேனின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

மணி அடித்தது. வரிசையில் நின்ற நாங்கள் செருப்புச் சத்தம் விலகிப் போவதற்காகக் காத்திருந்தோம். கேட்கவில்லை. மணி மறுபடியும் அடித்தது, கொஞ்சம் கோபமாக.

“சண்டைக்காரின்னா எப்படி, பாத்திரமெல்லாம் பறக்குமா?”

உள்ளே ஒரு நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.