என்ர மூத்திரத்தில கிருமி இல்லையாம்

மூத்திரத்தைப் பற்றி வாய் திறந்தா எங்கட பொம்பிளையளுக்கு வெட்கம். எனக்கு வெட்கமில்லை, கோபம்தான். எரிவெண்டா அப்பிடியொரு எரிவு, மிளகாய்த்தூளைக் கரைச்சு ஊத்தின மாதிரி. முதுகில நோ, குளிர் நடுக்கத்தோட காய்ச்சல்.

டொக்டர் கொட்டாஞ்சேனையில. நாங்கள் அங்கயிருந்து வெள்ளவத்தைக்கு வந்து எவ்வளவோ காலமாச்சு, ஆனா மகன் பிறந்த நாளையில இருந்து அவரிட்டத்தான் போறது. ரெண்டு பஸ் மாறவேணும். அந்த எரிவோட பஸ்ஸில குந்தியிருந்து பாத்தாத்தான் தெரியும். அவர் நாக்கை நீட்டச் சொல்லுவார், "வயசு போனா அப்பிடித்தான் அம்மா" எண்டு ஒரு மஞ்சள் குளிசை தருவார். கொஞ்சம் குறையும். திரும்ப வரும். திரும்பவும் அதே மஞ்சள்தான்.

ஒருக்கா, "சரி, டெஸ்ட் பண்ணிப் பாப்பம்" எண்டார். அங்க நிக்கிற நேர்ஸ் பிள்ளை ஒரு சின்னப் போத்தலை, "மேக்க கன்ன அம்மே, நாளைக்குக் காலமை" எண்டு, இதைப் பிடியுங்கோ எண்டதைச் சிங்களத்திலயும் மிச்சத்தைத் தமிழிலயும் சொல்லி, என்ர கையில திணிச்சுப்போட்டுப் போயிட்டுது. அவ்வளவுதான். மூடியில என்னவோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்?

எத்தினை பேர்ர கை பட்ட போத்தலோ! நான் கடையில வாங்கின புதுக் கோப்பையையே கழுவாமல் தேத்தண்ணி ஊத்தமாட்டன். சுடுதண்ணி ஊத்தி, டெட்டோல் விட்டுக் குலுக்கி, ஜன்னலில கவிட்டு வைச்சன். படிச்ச ஆக்களிட்டப் போற சாமான், துப்புரவாப் போகவேண்டாமோ? காலமை மகன் கொண்டுபோய்க் குடுத்தான்.

கிருமி ஒண்டும் இல்லையாம்.

டொக்டர் சிரிக்கிறார். "அம்மாக்கு மனக்கவலை போல, நித்திரைக்குக் குளிசை தாறன்." வீட்டை வர ஏறின ஓட்டோவில மருமகள், "மாமி நாடகத்தில சேர்ந்தா நல்லா உழைக்கலாம்" எண்டாள். மகனும் சிரிச்சான். அதுதான் எனக்குத் தாங்கேல்லை. "நடிக்கிறதெண்டா இதைவிட மரியாதையான வருத்தம் ஒண்டைப் பாத்து நடிச்சிருக்கமாட்டனோடி?" எண்டு கேட்டன். ஓட்டோக்காரப் பொடியன் கண்ணாடிக்குள்ளால பாத்தான், பாக்கட்டும்.

எங்கட பிளாட்டில மேல்மாடியில ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறாள். நான் கனகாலமா அவளைப் பல்லு டொக்டர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். வெள்ளைக் கோட்டும், அந்தச் சிரிப்பும்! லிப்ட் பழுதாகிப் படியேறேக்கை, நான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதைக் கண்டாள்.

"ஏன் அன்ரி இப்பிடி வேர்க்குது?"

அன்ரியாம்! ஆச்சி எண்டு கூப்பிடேல்லை, அதுக்கே நான் எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். அவள் ஆராய்ச்சி செய்யிறதே இந்த வருத்தத்தைத்தானாம். பொம்பிளையளின்ர மூத்திரக் கிருமியை வளர்த்துப் பாக்கிறது. அதுக்கும் ஒரு படிப்பு!

"போத்தலை என்ன செய்தனீங்கள்?"

ஒருத்தரும் கேக்காத கேள்வி. நான் பெருமையாச் சொன்னன், டெட்டோல் ஊத்தினதையும் மறைக்கேல்லை. அவள் நெத்தியில அடிச்சுக்கொண்டு படியில இருந்திட்டாள். "ஐயோ அன்ரி, கிருமியைச் சாக்கொண்டுபோட்டுத்தான் அனுப்பியிருக்கிறீங்கள்!" சிரிச்சாள், பிறகு முகம் மாறிட்டுது. "கழுவாதேங்கோ எண்டு ஒரு சொல்லு சொல்ல அவையளுக்கு வாய் இல்லையோ?"

அவளே வேற போத்தல் தந்தாள். முதல் வாறதை விட்டிட்டு நடுவில பிடிக்கவேணும், உள்பக்கம் கை படக்கூடாது எண்டு விளங்கப்படுத்தினாள். இந்தமுறை கிருமி திருவிழாக் கூட்டம் மாதிரி நிண்டுதாம். அந்த மஞ்சள் குளிசைக்கு அது சாகாதாம், அதுக்கு அது தோடம்பழ இனிப்பு மாதிரியாம்!

அதை ஏன் உடம்பு அடிச்சுக் கலைக்கேல்லை எண்டு கேட்டன். கிருமி மூத்திரப்பையின்ர தோலுக்குள்ள பூந்து ஒளிச்சிருக்குமாம். உடம்போ அதை அடிக்கிறதை விட்டிட்டு, பழுதான தோலைத் திருத்திறதிலதான் அவசரப்படுமாம். அது ஏனெண்டுதான் தாங்கள் தேடுறமெண்டாள். பாருங்கோ, வீட்டுக்குள்ள கள்ளன் இருக்கேக்கை சுவருக்கு வெள்ளையடிக்கிற உடம்பு! என்ர உடம்பிலயே எனக்குக் கோபம் வந்திட்டுது. அந்தக் கிருமியை ஆராய்ச்சிக்கு வைச்சிருக்கட்டோ எண்டு கேட்டாள். "வைச்சிரு பிள்ளை, திரும்பக் கொண்டந்து தராதை" எண்டன்.

அவளின்ர இடத்து டொக்டர் ரிப்போர்ட்டைப் பாத்து எழுதித் தந்த புது மருந்தோட எரிவு போயிட்டுது. காய்ச்சலும் இல்லை. மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில வைச்சாள். கோபம் இன்னும் இருந்தது, ஆனா குடிச்சனான்.

அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் டொக்டரின்ர மேசையில வைச்சன். "ஆ, நல்லது" எண்டார். அவ்வளவுதான்! வெளியில வாறன், பைப்படியில ஒரு மனுசி, கையில அதே போத்தல், மூடியைக் கழட்டித் தண்ணியைத் திறக்கிறா.

"கழுவாதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில வாங்கிலில இருந்த சனம் எல்லாம் எழும்பிட்டுது. நேர்ஸ் பிள்ளை ஓடி வந்து, "அம்மே, இங்க சத்தம் போட ஏலாது" எண்டுது.

"நீ போட்டிருக்கவேண்டிய சத்தம்தான் பிள்ளை இது" எண்டு சொல்லிப்போட்டு, அந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு போய் வேற போத்தல் கேட்டன்.