நாகேந்திரம் மாஸ்டர் பயன் சொன்ன கதை

வெள்ளவத்தையில் நாகேந்திரம் மாஸ்டரிடம் சரித்திரம் படிக்காத தமிழ்ப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் குறைவு. ரியூஷன் வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பார். அரசன் ஆண்டான் என்றால் கல்வெட்டு எங்கே, போர் நடந்தது என்றால் எழுதி வைத்தது யார்? பிள்ளைகள் அவருக்கு 'ஆதாரம் மாஸ்டர்' என்றே பெயர் வைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. உள்ளூர அவருக்குப் பெருமைதான்.

இப்படிப்பட்ட மனிதர் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்பவராகவும் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளைச் சபைக்கு விரித்துச் சொல்வார். அதைத்தான் பயன் சொல்வது என்பார்கள். குரலும் தமிழும் இருந்ததால் மாஸ்டரைக் கோயிலார் விடவில்லை. அவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அற்புதம் எதுவும் வந்தால் "புராணம் சொல்கிறது" என்று தொடங்குவார். நடந்தது என்றும் சொல்லமாட்டார், நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டார். பழியைப் புராணத்தின் தலையில் போட்டுவிட்டு, மோதகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 2008இல் அவருடைய ஒரே மகன் கிருபாகரன் வேலைக்குப் போனான், திரும்பி வரவில்லை. வயது இருபத்துநாலு. காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்ஸுக்கு நின்றவனை யாரோ ஒரு வான் வண்டியில் பிடித்து ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அடுத்த நாள், தான் எதையும் காணவில்லை என்று அவரே மாற்றிச் சொன்னார். மாஸ்டர் போகாத பொலிஸ் இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. வாழ்நாள் முழுக்க ஆதாரம் கேட்ட மனிதரிடம் ஒவ்வொரு மேசையிலும் ஆதாரம் கேட்டார்கள்.

மனைவி சிவயோகம் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை. அவளுக்குப் புராணத்தில் ஒரு கட்டம் போதுமாக இருந்தது. குளத்தில் குளித்த பிள்ளையை முதலை விழுங்கிவிடுகிறது. வருடங்கள் போகின்றன. அந்த ஊருக்கு வந்த அடியார் ஒருவர் எதிர் எதிரான இரண்டு வீடுகளைக் காண்கிறார். ஒன்றில் பூணூல் கலியாணம், மற்றதில் அழுகுரல். அழுகிறவர்களின் பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கும் இப்போது பூணூல் போடும் வயது. அடியார் குளக்கரையில் நின்று பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது. விழுங்கிய வயதில் அல்ல, இடையில் போன வருடங்களின் வளர்த்தியோடு.

அந்த வளர்த்திதான் சிவயோகத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மகனுக்குப் போடப் புதுச் சேட் வாங்கினாள். அவனுக்கு முப்பது தாண்டியதும் ஒரு அளவு கூட்டினாள். "உங்கடை பரம்பரைக்கு இந்த வயசிலை வயித்திலை வண்டி வைக்கும்தானே" என்று கணவரைக் கேலியும் செய்தாள். மகன் வந்து தட்டினால் கதவு திறக்க ஆள் வேண்டும் என்று, வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவருமாக எங்கும் போனதில்லை. அந்தக் கட்டம் படிக்கும் நாளில் மட்டும் எதிர்ஃபிளாட் ஜவாஹிறா வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பாள். "நீங்க போய்ட்டு வாங்க அக்கா, நான் ஈக்கிறேன்" என்பாள்.

பதினேழு வருடங்கள் இப்படியே போயின. சிவயோகத்துக்கு இதயம் பலவீனப்பட்டது. இவள் காத்திருந்தே செத்துப்போவாள் என்று மாஸ்டர் பயந்தார். மகனின் மரணத்தைப் பதிவதற்கான படிவத்தை வாங்கி வந்தார். பதிந்தால் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம், திவசம் கொடுக்கலாம், அவளும் ஒருநாள் நிம்மதியாகத் தூங்கலாம். தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்கவேண்டும்.

சிவயோகம் படிவத்தை வாசித்தாள். கோபிக்கவில்லை.

"வீட்டிலை நீங்கள் என்னவும் சொல்லுவியள். தோய்ஞ்சு, விரதம் இருந்து, திருநீறு பூசிக்கொண்டு அந்த இடத்திலை இருக்கேக்கை பொய் சொல்லமாட்டியள். வாற வெள்ளிக்கிழமை அந்தக் கட்டம் வருகுது. புராணம் சொல்லுது எண்டு மழுப்பாமல், நடந்ததோ கதையோ எண்டு சபையிலை சொல்லுங்கோ. கதையெண்டால் நான் கையெழுத்து வைக்கிறன்."

"யோகம், அது வந்து..."

"ஒரு சொல்லுத்தான் கேக்கிறன்."

வெள்ளிக்கிழமை அவள் முன்வரிசையில் இருந்தாள். பாட்டுப் படித்தவர் நிறுத்திவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லமுடியாது என்று மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதலை விழுங்கின பிள்ளை திரும்பி வாறதில்லை. பெத்த மனம் ஆறுறதுக்காக ஆரோ அன்போடை சொன்ன கதை இது. சரித்திரம் இல்லை."

சபை சலசலத்தது. கோயில் தலைவர் இரண்டு தரம் இருமினார். சிவயோகம் மட்டும், கணக்குக்கு விடை தெரிந்த பிள்ளைபோல ஒருமுறை தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் ஜவாஹிறாவின் கையைப் பிடித்து, "நீ இனிக் காவல் இருக்கத் தேவையில்லை, பிள்ளை" என்றாள் சிவயோகம். ஜவாஹிறா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிவயோகம் அழவில்லை. அதுதான் மாஸ்டரைப் பயமுறுத்தியது.

அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடித்த கையோடு அவள் படிவத்தை எடுத்தாள். எழுத்துக் கூட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாஸ்டர் தலைப்பெழுத்தைப் போட்டார். அதற்கு மேல் கை நகரவில்லை. அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் அவள் காத்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவர் அதைக் கதை என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்க இந்த வீட்டில் யாரும் இல்லை.

"எனக்கு ஏலாது, யோகம்" என்று விம்மினார். "ஆதாரம் இல்லாமல் நான் என்னெண்டு எழுதுறது? அவன் வந்தால்? சொல்லு, அவன் வந்தால்? நீயும் என்னோடை வழி பாத்துக்கொண்டு இரு."

சிவயோகம் அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"அந்த இடத்திலை இருந்து நீங்கள் சொன்னதை நான் நம்பியிட்டனப்பா" என்றாள். "இனி என்னாலை ஏலாது."