எட்டு இல்லாத நம்பர்

எட்டு என்றாலே அதிர்ஷ்டம் என்று நம்பும் எங்கள் ஷாம் ஷுய் போவில், எட்டு இல்லாத போன் நம்பரைக் கேட்டு வாங்கிய ஒரே பைத்தியம் பாக்-ஹோய்தான். மினிபஸ் ஓட்டுநர். சிக்னலில் நின்றால் முன்வண்டியின் நம்பரை எதனால் வகுக்கலாம் என்று பார்க்காமல் இருக்கமாட்டார். மனைவி காம்-ஹாவுக்காகப் போன் வாங்கப் போனவர், கடைக்காரர் காட்டிய அதிர்ஷ்ட எண்களையெல்லாம் தள்ளிவிட்டு, 73939133 என்று ஒன்றை வாங்கிவந்தார்.

"யாரும் சீந்தாத நம்பர என் தலையில கட்டிட்டாரு அக்கா," என்று காம்-ஹா என் கடைக்கு வந்து பொருமினாள். இறந்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கும் காகிதச் சாமான்கள் விற்கிறவள் நான்.

பின்னாலேயே அவரும் வந்தார். "இது பகா எண்ணு. ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. கடைசி இலக்கத்த வெட்டு, மிச்சமும் பகா எண்ணு. இன்னொண்ண வெட்டு, அதுவும் அப்படித்தான். ஏழு மட்டும் மிஞ்சுற வரைக்கும் வெட்டலாம். இந்த ஜாதி எண்கள்ல இதுதான் பெரிசு."

"சோறு போடுமா அது?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன மறதி நோய் வந்தது. பஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழி தவறினால் யாரிடமாவது சொல்லட்டும் என்று, காலைக் கஞ்சிக்கு முன் தன் நம்பரை ஒப்பிக்கவைத்தாள் காம்-ஹா. முதலில் முழுதாகச் சொன்னார். பிறகு கடைசியில் இருந்த மூன்று உதிர்ந்தது.

"இன்னொரு மூணு இருக்குங்க."

"இல்லாட்டியும் பகா எண்ணுதான். சரியாத்தான் இருக்கு."

"உங்க பகா எண்ணு வந்து போன எடுக்குமா?" என்று கத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அவருடைய கோட்டின் உள்பக்கம் நம்பரைத் தைத்துவைத்தாள். மார்கழிக் குளிரில் ஒருநாள் அந்தக் கோட்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். தெருத்தெருவாய் இரண்டு பேரும் அலைந்தோம். பழைய மினிபஸ் நிறுத்தத்தில், மழையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானத்துல இருந்து நம்பர் கேக்கறோம்மா," என்றார் அங்கிருந்த டீக்கடைக்காரர். "எழுநூத்தி முப்பத்தொம்பதுங்கறாரு. மிச்சம் எங்கேன்னா, அவ்வளவுதான், சரியா இருக்குன்னு நம்மளையே அதட்டறாரு."

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். காம்-ஹா அவர் கையை விடவில்லை. "என் நம்பர் சொல்லுங்க."

"ஏழு."

"அப்புறம்?"

பஸ்ஸில் ஏறிய யாரோ ஒரு பயணியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். அந்த வாரமே போய்விட்டார்.

சடங்கன்று காகித வீடோ காகிதக் காரோ அவள் கேட்கவில்லை. ஒரு காகிதப் போன் போதும் என்றாள். அதன் முகப்பில் பேனாவால் எட்டு இலக்கங்களையும் எழுதினாள்.

"அவருக்கு ஏழு ஒண்ணுதானே தெரிஞ்சுது," என்றேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

"அதான் முழுசா எழுதறேன் அக்கா. அங்க யாராச்சும் போட்டுக் குடுப்பாங்க."

காகிதம் எரிந்து சாம்பலாகும்வரை, தன் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.