ஒன்பது வீட்டுக்கு ஒரு குழாய்

“உங்கள் இஷ்டம்போல் என்ன வேண்டுமானாலும் கட்டலாம்” என்று எந்த விளையாட்டாவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வீடியோ கேம்களில் ஸாண்ட்பாக்ஸ் என்று ஒரு பகுதி வைத்திருப்பார்கள். ஜெயிக்க வேண்டாம், தோற்க வேண்டாம், எதிரி கிடையாது, அவசரம் கிடையாது. காலி நிலத்தைக் கொடுத்து, போ, உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். மணல் பெட்டி என்று அதற்கு அர்த்தமாம். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் பெட்டி அடித்து மணல் கொட்டி வைப்பார்களாம். எனக்குப் பெட்டி எல்லாம் கிடைக்கவில்லை. அம்மா சித்தாள் வேலைக்குப் போன இடங்களில் லாரி கொட்டிவிட்டுப் போன மணல் மேடுதான். கோரமங்களாவில் எத்தனையோ வீடுகள் எழும்பும்போது அவற்றின் வாசலில் உட்கார்ந்து நானும் வீடு கட்டியிருக்கிறேன். வாட்ச்மேன் விரட்டியிருக்கிறான், ஆனால் நான் கட்டிய வீடு தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

டிகிரி முடித்த கையோடு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள், பெங்களூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்துகொண்டிருந்த நேரம். வெளிநாட்டில் தயாராகும் கேம்களைக் கடைக்கு வருவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. குறைக்கு அங்கே பக் என்று பெயர், அதை எழுதி அனுப்பினால் பக் போடுவது. “விளையாடறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்று அம்மா மூன்று தரம் கேட்டாள். மூன்றாவது தரம் அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். எங்கள் வீட்டில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஆறு மாதம் தற்காலிகம், அதற்கப்புறம் நிரந்தரமாக்குவார்கள். அந்த நிரந்தரத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

எனக்குக் கொடுத்தது ஊர் கட்டுகிற கேம், அதிலும் ஸாண்ட்பாக்ஸ் பகுதி. “ஃப்ரீயா கட்டுங்க, எங்க உடையறதுன்னு பாருங்க” என்றார் டீம் லீட். அவர் மல்லேஸ்வரத்துத் தமிழர். தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். கன்னடத்தில் பேச ஆரம்பித்து, தமிழில் நடந்து, இங்கிலீஷில் முடிப்பார். அவர் தமிழும் நாங்கள் குடியிருந்த ஈஜிபுராவின் தமிழும் ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் பார்த்துக்கொண்டதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது ஆபீஸ் பழக்கம். எனக்கு வாய் வரவில்லை, சார் என்றே சொன்னேன்.

முதல் பத்து நாள் எல்லோரும் கட்டுவதையே நானும் கட்டினேன். அகலமான ரோடு, புல்வெளி வைத்த வீடு, நடுவில் ஏரி. போரடித்துவிட்டது. இஷ்டம்போல் கட்டு என்றுதானே சொன்னார்கள் என்று, பதினோராம் நாள் எங்கள் லைன் வீட்டையே கட்டினேன். ஒட்டி ஒட்டி ஒன்பது வீடு, எதிரே சந்து, சந்து முனையில் ஒரே ஒரு குழாய்.

கட்டி முடித்த மறு நிமிஷம் ஒன்பது கூரைக்கு மேலேயும் சிவப்பாக ஒரு சொட்டு வந்து மின்னியது. தண்ணீர் இல்லையாம். குழாய் இருக்கிறதே என்றால், வீட்டுக்கு வீடு தனிக் குழாய் இருந்தால்தான் கேமுக்குக் கணக்கு. கேமில் மூன்று நாள் போனது. ஒன்பது வீட்டு ஜனமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்கள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டில் அவர்களால் மூன்று நாள் இருக்க முடியவில்லை.

இது குறைதானே? பக் போட்டேன். ‘ஒரு குழாயை ஒன்பது வீடு பங்கிட முடியவில்லை’ என்று தலைப்பு. மறுநாள் கேமைத் தயாரிக்கும் வெளிநாட்டு ஆபீஸிலிருந்து பதில் வந்தது: ‘குறை அல்ல. இப்படித்தான் இருக்கும். இத்தகைய நிலையில் மக்கள் வாழமாட்டார்கள்.’

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “இன்னாடி, மூஞ்சிய அப்டி வெச்சினு இருக்குற?”

சொன்னேன். அம்மா காலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு கொழாய்ல ஆளுங்க இருக்க மாட்டாங்கன்னு எழுதிட்டானா? அப்போ நாம இன்னா, ஆடு மாடா?” என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “ஏண்டி, கொடம் வெச்சியா நீ?” என்றாள்.

வைக்கவில்லை. அங்கேதான் தப்பு என்று எனக்கும் தோன்றியது. எங்கள் லைனில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், யார் குழாயடியில் காத்துக் கிடப்பது? அதனால் காலையிலேயே அவரவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அம்மாவின் நீலக் குடத்துக்கு அடியில் தார் வைத்து அடைத்த ஓட்டை இருக்கும். அவள் கோரமங்களாவில் செங்கல் சுமந்துகொண்டிருக்கும்போது அது இங்கே மூன்றாவதாக நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் வந்தால் அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற யாராவது பிடித்து அந்தந்த வாசலில் வைத்துவிடுவார்கள். புதிதாகக் குடி வந்த ஒருத்தி ஒருதரம் முன்னால் நின்ற குடத்தை நகர்த்திவிட்டாள். எட்டு வீடும் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

பக்கை மறுபடி திறந்தேன். இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். குடம் வரிசை, எந்தக் குடம் என்ன நிறம், நகர்த்தக் கூடாது என்ற சட்டம், இல்லாத ஆளுக்கு அவள் குடமே ஆள் என்பது வரைக்கும். என் இங்கிலீஷுக்கு அது பெரிய வேலை, முழுசாக இரண்டு மணி நேரம் பிடித்தது. பதில் ஒரே வரி: ‘குறை அல்ல. இப்படித்தான் இருக்கும்.’

மூன்றாம் தரம் திறந்தேன். நான்காம் தரமும் திறந்தேன். லீட் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“பாருங்க, நீங்க நன்னா வேலை பண்றேள். ஆனா ரிஜெக்ட் ஆன பக்கையே திருப்பித் திருப்பிப் போட்டா ரிவ்யூல அடி வாங்கும். கன்ஃபர்மேஷன் நேரம் வேற.”

“சார், இங்கேர்ந்து பத்து நிமிசம் நடந்தா காட்டறேன். ஒம்போது வூடு, ஒரு கொழாய். யாரும் பொட்டி தூக்கினு போகல.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். “அது ரியாலிட்டிம்மா. இது கேம்” என்றார். நல்ல நியாயம். ஏரிக்கு நடுவில் கோட்டை கட்டினால் கேம், டிராகனைக் கொண்டுவந்து மாடியில் கட்டிப்போட்டால் கேம், எங்கள் லைன் வீடு மட்டும் நடக்காத காரியம்.

ஐந்தாவது மாதக் கடைசியில், நான் விட்டுவிட்டிருந்த நேரத்தில், அந்தப் பக்குக்குப் பதில் மாறி வந்தது. ஏற்றுக்கொண்டார்களாம், அடுத்த பதிப்பில் சேர்க்கிறார்களாம். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா, “என் பச்சைக் கொடமும் வருமா?” என்று கேட்டாள். வரும் அக்கா என்றேன். எனக்கு என்ன தெரியும்.

புதிய பதிப்பு வந்த அன்று லீட் என் மேஜைக்கே வந்தார். “உங்க ஐடியாவை அப்படியே எடுத்துண்டுட்டா. செக் பண்ணி க்ளோஸ் பண்ணிடுங்கோ. க்ளோஸ் ஆன உடனே கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்துப் போடறேன்.” பக் போட்டவரேதான் சரிபார்த்து மூட வேண்டும், அது அங்கே மாறாத விதி.

திறந்தேன். புல்வெளி வீடுகள் வைத்த தெருவுக்கு அடுத்து ஒன்பது வீடு கட்டினேன், குழாய் வைத்தேன். சிவப்புச் சொட்டு வரவில்லை. ஜனங்கள் போகவில்லை. குழாயடியில் நீலம், பச்சை, சிவப்பு என்று ஒன்பது குடம் வரிசையாக வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் மேலே எழுதியிருந்ததைப் பார்த்தேன். ‘ஸ்லம்’ என்று போட்டிருந்தது. வீடுகளுக்கு மேலே ஈ மொய்த்தது. அடுத்த தெரு வீட்டு ஜனங்களின் முகம் எல்லாம் வாடிப்போயிருந்தது. ஓரத்தில் புதிதாக ஒரு பொத்தான், புல்டோசர் படம் போட்டது. ‘அகற்றினால் ஊரின் மகிழ்ச்சி கூடும்.’

நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார்கள். குடத்தின் நிறம்கூடத் தப்பவில்லை. படித்துவிட்டு, இடிப்பதற்கென்றே கட்டியிருக்கிறார்கள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பொத்தானும் வேலை செய்கிறது என்று நான் அழுத்திப் பார்த்துச் சொன்னால்தான் பக் மூடும், மூடினால்தான் கடிதம்.

அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அட்டையைத் துணியால் துடைத்துத் துடைத்து ஆணியில் மாட்டுவது நினைவுக்கு வந்தது. அழுத்தினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானேதான் அழுத்தினேன். இரண்டு விநாடி தூசி பறந்தது. எங்கிருந்தோ கைதட்டுகிற சத்தம் வந்தது. அடுத்த தெருக்காரர்கள் சிரித்தார்கள். வீடு இல்லை, குழாய் இல்லை, ஜனமும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டுகூடப் போகவில்லை, அப்படியே காணாமல் போனார்கள்.

தூசி அடங்கியதும் பார்த்தால், குடங்கள் நின்றன. வெறும் தரையில், வரிசை குலையாமல், ஒன்பது குடம். வீட்டோடு சேர்த்து அழிக்க வேண்டும் என்று கேமுக்குச் சொல்ல எவனோ மறந்திருக்கிறான். நான் அந்த இடத்தில் பூங்கா வைத்துப் பார்த்தேன். வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வைத்தேன், கடை வைத்தேன், ரோடு போட்டேன். ஒவ்வொரு தரமும் அதே வரிதான் வந்தது: ‘இங்கே கட்ட இயலாது. இடம் காலியாக இல்லை.’

ஆறு மாதத்தில் நான் கண்டுபிடித்த பக்குகளிலேயே பெரியது அது. அதை எழுதினால் பாராட்டு உண்டு. எழுதினால் மறுநாளே குடத்தையும் எடுத்துவிடுவார்கள். நான் எழுதவில்லை. என் பக்கை மட்டும், சரியாக வேலை செய்கிறது என்று போட்டு மூடினேன். லீட் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கேம் வெளிவந்து சில வாரம் கழித்து, விளையாடுகிறவர்கள் புகார் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஸ்லம்மை இடித்த இடத்தில் எதையுமே கட்ட முடியவில்லை, குடங்களை நகர்த்த முடியவில்லை என்று. லீட் அந்தப் புகார்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

“இது உங்க ஏரியா. உங்க கண்ணுல படலியா?”

“பட்டது சார்.”

“பட்டும் ஏன் பக் போடலை?”

நிரந்தரமான வேலையையும் அப்போதே பிடுங்கிக்கொள்ளலாம், அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“அது குறை இல்ல சார். இப்படித்தான் இருக்கும்.”