இரைச்சல் இல்லாத பெட்டி

என் அக்காள் கணவரைத் தெருவில் எல்லோரும் 'அளவுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். கடைத்தெருவில் ரேடியோ, டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர். எதைச் செய்தாலும் அரை மில்லிமீட்டர் பிசகாது. சொன்ன நாளில் மட்டும் கைக்கு வராது. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, கூடத்து ஃபேனின் கடகடப்பைச் சரிசெய்தவர். அக்காள் அன்றே அவரிடம் விழுந்துவிட்டாள். எனக்கு அன்றே எரிச்சல். மனிதர்களைப் பார்க்க வந்தவர் ஃபேனைப் பார்ப்பாரா?

அக்காளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது மூச்சோடு கலந்த ஒரு கிசுகிசுப்பு. அவள் வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். பிறகு நோய் நுரையீரலுக்கு இறங்கியது. மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள். நான் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து அவளோடு தங்கினேன்.

அத்தான் அழவில்லை. பின்னறைக்குப் போய் ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பித்தார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன மைக், தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர். அவள் கிசுகிசுத்தாலும் வீடு முழுக்கக் கேட்கும் என்றார். கடையில் ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். அது வீலென்று கத்தும், அவள் தாங்கமாட்டாள் என்றார். சர்க்யூட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டார். மாட்டிப் பார்த்தால் உம்மென்று ஓயாத இரைச்சல். வெறும் போர்டு வீட்டுக் கரண்டின் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம். சுற்றிலும் தகடு அடைத்து எர்த் கொடுத்தால்தான் அடங்குமாம். அங்கே பிடித்தது சனி.

கடையில் செத்துக் கிடந்த ஒரு வாஷிங் மெஷினின் பக்கத் தகட்டை அறுத்துக்கொண்டு வந்தார். இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் கவ்வி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி மடித்தார். சத்தம் அக்காள் கட்டில்வரை வந்தது. குமிழுக்கான துளைகளைத் தகட்டின் உள்பக்கம் குறித்தவர், அதை வெளிப்பக்கம் என்று நினைத்து மடித்துவிட்டார். வால்யூம் குமிழ் இடப்பக்கம் போய்விட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவளுக்கு இடக்கையில் ஊசி ஏறியிருக்கிறது, வலக்கைக்கு எட்டினால்தான் உண்டு என்று சொல்லிப் பெட்டியை மூலையில் எறிந்தார்.

புதுத் தகடு எடுக்க அவர் கடைக்குப் போன நேரத்தில், அக்காள் பின்னறைப் பக்கம் கைகாட்டி, அந்த போர்டைக் கேட்டு ஜாடை செய்தாள். நான் அதை மைக்கோடு கொண்டுவந்து மாட்டினேன். இரைச்சலுக்கு நடுவே, வெகு நாளைக்குப் பிறகு அவள் பேச்சு அறைக்குள் கேட்டது.

"பெட்டி வேணாம்டி. அவரை வந்து பக்கத்துல உக்காரச் சொல்லு."

அவர் வந்ததும் வராததுமாக அதை வார்த்தை மாறாமல் சொன்னேன். தகட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்று கேட்டார்.

"குரல் தெளிவா இருந்துதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டது போதும், போய் உட்காருங்கள் என்றேன். இவ்வளவு இரைச்சலிலா அவள் பேசவேண்டும், முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். அவள் அறை வாசல்வரை போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பிவிட்டார். வெறுங்கையோடு அவள் எதிரில் உட்கார அந்த மனிதருக்குப் பயம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நோயை அவர் ஒருவர்தான் பழுதென்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பெட்டி அச்சு பிசகாமல் வந்தது. இரைச்சல் மட்டும் போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தார், வயர்களை மாற்றிப் பார்த்தார், தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கடைசியில் பார்த்தால், எர்த் வயரை வாஷிங் மெஷினின் பழைய பெயின்ட் மேலேயே திருகியிருந்தார். பெயின்ட்டைச் சுரண்டாமல் எர்த் எப்படித் தகட்டைத் தொடும்? ஆயுசெல்லாம் இதே தொழில் செய்தவர். தொழில் பழக வருகிறவனைக்கூட இதற்குத்தான் முதலில் திட்டுவாராம். சுரண்டித் திருகியதும் இரைச்சல் சட்டென்று நின்றது. அத்தோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். தகட்டின் ஓரம் கூராக இருக்கிறது, அவள் கையைக் கிழித்துவிடும் என்று அரத்தை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அக்காளின் மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. பின்னறையில் அரம் ராவிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். காதில் விழவில்லை. அவள் கையை விட்டுவிட்டு ஓட எனக்கு மனம் வரவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"இதோ வந்துட்டேன், ஒரு ஓரம்தான் பாக்கி."

அவர் வந்தபோது பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல பெட்டிதான். கை வைத்தால் வழுக்கியது. அதற்குள் அக்காள் போய்விட்டிருந்தாள், அவள் கையை நான் இன்னும் விடவில்லை. அவர் பெட்டியை அவள் வலக்கைப் பக்கம் வைத்தார். மைக்கை அவள் சட்டையில் குத்தினார். ஸ்விட்சைப் போட்டார். துளி இரைச்சல் இல்லை.

"இப்ப பேசு," என்றார்.

குமிழைக் கொஞ்சம் கூட்டினார். இன்னும் கூட்டினார். அடக்கிப் பார்த்தும் முடியாமல் நான் அழுதேன். அந்த அழுகை ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. அத்தான் ஸ்விட்சை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.