அக்கா கையெழுத்துப் போட்ட பெட்டிகள்

ஆல்டன் ஜெப்சனுக்குத் தன் மாநிலத்தின் மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது ஐம்பத்தெட்டாவது வயதில். கணினியில் ஒயின் பாட்டில்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எங்கே அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு வந்திருந்தார். பட்டியலில் டென்னசி இருந்தது, டெக்சாஸ் இருந்தது, அடுத்து நேரே வெர்மான்ட். நடுவில் இருக்க வேண்டிய யூட்டாவைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்படி ஒரு மாநிலம் அமெரிக்காவில் இருப்பதாகவே அந்தப் பட்டியலுக்குத் தெரியவில்லை.

அந்த ஒயினைச் செய்யும், ஆரெகன் மாநிலத்தில் இருந்த திராட்சைத் தோட்டத்துக்கே போன் போட்டார். கணவனும் மனைவியும் மட்டுமே நடத்தும் சின்ன ஒயின் ஆலை அது. மனைவிதான் எடுத்தாள்.

"யூட்டாவா? ஐயோ, தப்பா நினைச்சுக்காதீங்க சார். அங்க ஒரு பாட்டில் அனுப்பினாக்கூட எங்க மேல கேஸ் போட்டுடுவாங்க. பக்கத்து மாநிலத்துல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அந்த 'எல்லாரும்' என்ற வார்த்தை ஆல்டனுக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. தப்பு செய்யப் போகிறவனுக்கு அதைவிட இதமான வார்த்தை கிடையாது.

ஆல்டன் லோகன் நகரத்தில் வீடுகளுக்குச் சூடேற்றும் அடுப்புகளைப் பழுது பார்ப்பவர். காபி, டீகூடக் கூடாது என்று சொல்லும் சபையில் பிறந்து வளர்ந்தவர். மனைவி லோரெய்ன் இறந்த மறு வருஷம் ஆரெகன் பக்கம் தனியாகப் போனபோது, ரேடியேட்டர் வெடித்து அவருடைய வண்டி அந்தத் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. வண்டி சரியாகும்வரை அந்தத் தம்பதி அவரை நிழலில் உட்கார வைத்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கூட ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினும் கொடுத்தார்கள். அவர் வாழ்நாளில் குடித்த முதல் கிளாஸ் அது. லோரெய்ன் போன பிறகு அவர் முழுசாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடும் அதுதான். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் சபைக்குப் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த ஒயின் வருஷத்துக்கு முந்நூறு பெட்டிதான் உண்டு. எந்தக் கடையிலும் கிடைக்காது. யூட்டாவில் ஒயின் விற்பது அரசாங்கக் கடை மட்டும். அங்கேயும் ஒருமுறை தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். தனியாக வரவழைக்க ஒரு படிவம், அதை நிரப்பினால் மாசக்கணக்கில் காத்திருப்பு. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கவுண்டரில் இருந்தவள், போன வாரம் அவர் அடுப்பு மாற்றிக் கொடுத்த வீட்டுப் பெண். "என்ன அங்கிள், வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றாள். "ஆமாம்மா," என்று திரும்பிவிட்டார்.

மிச்சமிருந்தது அக்கா வீடு ஒன்றுதான்.

வெர்லா அக்காவின் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஐடஹோவில், இருபத்தைந்து மைல் தூரத்தில். ஐடஹோவுக்கு ஒயின் அனுப்பலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். இப்போது வயது எழுபத்தொன்று. கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரக்கண்ணில் நிழல் நிழலாகத் தெரியும், எழுத்து படிக்க முடியாது. ஆனால் சமையலறையில் அவளுக்குக் கண் தேவையே இல்லை. ஞாயிறு ஆராதனையில் எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்கிற ரொட்டியை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள்தான் சுட்டாள், பன்னிரண்டு வருஷமாக. அது அவளுக்குச் சபை கொடுத்த பொறுப்பு. அவளுக்கு இருந்த ஒரே பெருமையும் அதுதான்.

அந்த அக்காவிடம் போய் ஒயின் என்று எப்படிச் சொல்வது? ஆல்டனுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் பொய் சொல்ல மட்டும் தாராளமாக எழுந்தது.

"அக்கா, பாய்லர்ல உப்புப் படியுதில்ல, அதைக் கரைக்கிற ஆசிட். கண்ணாடி பாட்டில்ல வரும். ஆபத்தான சரக்குங்கறதால பெரியவங்க யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பான். யூட்டாவுக்கு அனுப்ப மாட்டேங்கறான். உன் விலாசம் குடுக்கட்டுமா?"

"அதுக்கென்னடா, குடு. வெடிக்காதில்ல?"

"வெடிக்காது."

"அப்ப சரி."

பொய் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் ஆல்டனுக்கு அன்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. கோடையில் ஒயின் வெந்துவிடும் என்று அனுப்ப மாட்டார்கள், கடுங்குளிரில் உறைந்துவிடும் என்று அனுப்ப மாட்டார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கிற சில வாரங்களுக்குள் பெட்டி வந்தால் உண்டு. கொண்டுவருகிறவன் மூன்று நாள் வந்து கதவைத் தட்டுவான், ஆள் இல்லையென்றால் வந்த வழியே ஆரெகனுக்குத் திருப்பிவிடுவான். ஒருமுறை வெர்லா கண் டாக்டரிடம் போயிருந்த வாரத்தில் அப்படித்தான் ஆனது. தோட்டத்தில் அந்த வருஷச் சரக்கு தீர்ந்தே போயிற்று.

ஆல்டனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அக்காவுக்குப் போன் போட்டு, "இனிமே பெட்டி வர்ற வாரம் புதன்கிழமை எங்கயும் கிளம்பாத," என்றார். புதன்கிழமைதான் சபைப் பெண்கள் கூடி உட்கார்ந்து மெத்தை விரிப்பு தைப்பார்கள். கண் போன பிறகும் வெர்லா அங்கே போய் ஊசியில் நூல் கோக்கச் சொல்லித் தைத்துக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டாள். "தம்பிக்கு மருந்து வருது, வீட்ல இருக்கணும்," என்றாளாம். என்ன மருந்து என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஆல்டன் பெட்டியை எடுக்கப் போவார். வாசல் பக்கம் பெட்டி, அதன் மேல் துண்டில் சுற்றிய ரொட்டி ஒன்று. ஞாயிறு மாவில் தம்பிக்கென்று கூடுதலாக ஒன்று. "உன் ஆசிட் கனக்குதுடா. இடுப்பைப் பாத்துத் தூக்கு," என்பாள். அந்த ரொட்டியைத்தான் அவர் வீட்டுக்குப் போய் ஒயினுடன் சாப்பிடுவார்.

போன அக்டோபர் கடைசியில் போனபோது பெட்டி இருந்தது, ரொட்டி இல்லை.

"என்னக்கா, மாவு தீந்துடுச்சா?"

"இல்லடா. ரொட்டியை இப்ப வேற யாரோ பாத்துக்கறாங்க. உனக்குக் கண்ணு முடியல, ஓய்வு எடுன்னுட்டாங்க. எனக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனசு வரல."

"அதுவும் நல்லதுதானே," என்றார் ஆல்டன். பெட்டியில் எத்தனை பாட்டில் என்பதில் இருந்தது அவர் நினைப்பு.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். அடுத்த வண்டியிலிருந்து இறங்கி வந்தாள் மார்வா யார்ட்லி. அக்காவின் சபையில் வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கும் பெண். நல்லவள். அதுதான் பிரச்சினையே.

"பிரதர் ஜெப்சன், உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன்." அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர் வெர்லாவுக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்றோம். போன புதன்கிழமை சமைச்ச கேசரோல் சாப்பாடு எடுத்துக்கிட்டு நானும் இன்னொரு சிஸ்டரும் போனோமா, அப்ப பாத்து பெட்டிக்காரன் வந்தான். 'அம்மா, உங்க ஒயின் வந்திருக்கு, வழக்கமான எடத்துல கையெழுத்துப் போடுங்க'ன்னான். வழக்கமான எடமாம்! எங்களுக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னே தெரியல."

ஆல்டன் பெட்ரோல் குழாயை எடுத்த இடத்தில் மாட்டினார்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. இது என்னுதில்லன்னுகூட ஒரு வார்த்தை சொல்லல. போட்டாங்க, உள்ள வெச்சாங்க, எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் குடுத்தாங்க. தனியா இருக்காங்க, கண்ணும் போச்சு. மனசு உடைஞ்சா மனுஷன் எதையாவது பிடிச்சுக்கத்தான் செய்வான், அது ஒண்ணும் பெரிய தப்பில்ல. ஆனா ரொட்டியை மட்டும் அவங்க கையால குடுக்க வேணாம்னு... உங்களுக்கே புரியும். நீங்க கூடப் பிறந்தவரு. நீங்க சொன்னாக் கேப்பாங்க. கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

ஆல்டனுடைய வண்டியின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில், கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இருந்தது. தார்ப்பாயை விலக்கி, "இது என்னுது சிஸ்டர்," என்று சொல்ல நாலு வார்த்தைகூட வேண்டாம், மூன்றே போதும்.

"பேசறேன் சிஸ்டர்," என்றார்.

மார்வா ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை மாலை ஏழு மணி, சபைக் கட்டடத்தின் பக்கத்து அறை, குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டம். ஆல்டன் அதை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நன்றியும் சொன்னார்.

அன்று அவருக்கு ஏற்பட்டது வெட்கம் என்று மட்டும் சொன்னால் போதாது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெட்டியை இறக்கக்கூட இல்லை. தெரியாமல் நடந்தது என்று இதுவரைக்கும் சொல்லிக்கொள்ளலாம். பெட்ரோல் பங்கில் நடந்ததை எப்படிச் சொல்லிக்கொள்வது? அக்கா தலையில் விழுந்த பழியை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு வந்திருக்கிறார்.

மறு வாரம் மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று சபையில் பிரசங்கம் கிடையாது. எல்லோரும் பட்டினி இருந்து வருவார்கள், மனசில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மைக்கில் சொல்லலாம். ஆல்டன் பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஐடஹோவுக்கு வண்டியை விட்டார். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் வெர்லா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆல்டனா? அடுப்பு எண்ணெய் வாசனை அடிக்குதே," என்றாள்.

ரொட்டித் தட்டு வந்தது. வெர்லா விரலால் தடவி ஒரு துண்டை எடுத்தாள். வாயில் போட்டு மென்றாள். தம்பி பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "கடை ரொட்டி."

அதற்கு மேல் ஆல்டனால் உட்கார முடியவில்லை. ரொட்டி கொடுத்து முடிந்து மைக் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார்.

"வெர்லா என் அக்கா. அவங்க வீட்டுக்கு வந்த பெட்டியெல்லாம் என்னுது. குடிக்கிறது நான். ஆசிட்னு சொல்லி அவங்களை ஏமாத்தினேன். அவங்க ஒரு சொட்டு தொட்டதில்ல. தப்பு முழுக்க என்னுது."

சொல்லிவிட்டு இறங்கினார்.  அங்கங்கே மூக்கு உறிஞ்சும் சத்தம். கூட்டம் முடிந்ததும் மார்வா யார்ட்லி கண்ணீரோடு ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பிரதர் ஜெப்சன், கூடப் பிறந்தவன்னா இப்படி இருக்கணும்! அக்கா பழியை நீங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்களே!"

"இல்ல சிஸ்டர், நிஜமாவே..."

"எனக்குத் தெரியும். பெட்ரோல் பங்க்ல என்ன பேசினோம்னு எனக்கு மறக்குமா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்." அவருடைய முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் தட்டிக் கொடுத்தார்கள். சபைத் தலைவரான பிஷப் மட்டும் தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அவர் நம்பியிருக்கலாம். ஆனால் பிஷப் ஒருவர் நம்பி என்ன செய்ய?

வெர்லாவை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கோட்டைக் கழற்றிவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, ஆசிட் கொண்டு வர்றவன் எழுபத்தொரு வயசுக்காரிகிட்ட குடிக்கிற வயசு, இருபத்தொண்ணு ஆச்சான்னு அட்டை கேப்பானா? முதல் பெட்டியிலேயே சொல்லிட்டான், 'ஒயின்மா'ன்னு. எனக்குப் போனது கண்ணு, காது இல்ல."

"அப்ப ஏன்க்கா மூணு வருஷமா..."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அந்தப் பொம்பளைங்ககிட்ட உன் பேரை நான் எப்படி இழுக்கறது? எங்கிட்டயே நீ சொல்லாத ஒண்ணை." அவள் குரல் உடைந்தது. "இன்னிக்கு இருநூறு பேருக்கு மைக்ல சொன்ன. இந்தச் சமையலறைக்கு வந்து எனக்குச் சொல்லத் தோணலையே உனக்கு."

ஆல்டன் அவள் எதிரில் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயது மனுஷன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொன்னார்: "அக்கா, அது ஆசிட் இல்ல. ஒயின். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"சரி, கேட்டுட்டேன்," என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மார்வா என்னை வியாழக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்றா. ஆறு வாரம் போய் உக்காந்தா ரொட்டியைத் திரும்பக் குடுத்துடுவாங்களாம். வர்றேன்னுட்டேன். எனக்கு வண்டி ஓட்ட முடியாது. ஏழு மணிக்குக் கரெக்டா வந்துடு."

"நீ எதுக்குக்கா அங்க போகணும்? நீதான் குடிக்கவே..."

"அதை யாருடா நம்பறா?"

வியாழக்கிழமை போனார்கள். மடக்கு நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். வெர்லாவின் முறை வந்தபோது, "என் பேர் வெர்லா. எனக்கு ரொட்டி சுடத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். கூட்டம் நடத்தியவர் பரிவோடு தலையாட்டினார். அடுத்து ஆல்டன் எழுந்து, அந்தப் பெட்டியெல்லாம் தன்னுடையது என்று மறுபடி ஆரம்பித்தார். அந்த மனிதர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க பண்ணினதை எல்லாரும் கேள்விப்பட்டோம் பிரதர். இங்க வர்ற எத்தனை பேருக்கு இப்படி ஒரு தம்பி இருக்கான்? அவருக்காக ஒரு தடவை கை தட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். ஆல்டன் தலையைக் குனிந்துகொண்டார். எங்கேயாவது ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது. ஓரக்கண்ணால் தம்பி இருக்கும் பக்கம் திரும்பி, வெர்லாவும் தட்டினாள், எல்லோரையும்விடச் சத்தமாக.